கொப்பு கட்டிய சைக்கிள்

அத்தை மகனுக்குச் சைக்கிள் வந்த அன்று எனக்குக் காய்ச்சல் வந்தது. அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். வாசலில் நின்ற சைக்கிளைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். எந்த மாத்திரைக்கும் கேட்காத காய்ச்சல் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எழுபதுகளின் நடுவில், கம்பத்தில் நடந்தது இது. எனக்குப் பதினோரு வயது, ஆறாம் வகுப்பு. அவனுக்குப் பதின்மூன்று. அடுத்த தெருவில்தான் அத்தை வீடு. அந்த வருஷம் கோடையில் அத்தை வீட்டு மாமா, மலையிலிருந்து இறங்கிய ஜீப்பின் பின்னால் தொற்றிக்கொண்டு வந்தபோது விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவரைக் கட்டிலில்தான் பார்த்தோம். பள்ளிக்கூடம் திறந்த வாரம் சைக்கிள் வந்தது. வாங்கிக் கொடுத்தது வேறு யாருமில்லை, என் அப்பா. பெற்ற பிள்ளை நான் ஒருவன் குத்துக்கல் மாதிரி நிற்கிறேன், தங்கச்சி மகனுக்குச் சைக்கிளாம்.

டைனமோ விளக்கு வைத்த பெரிய வண்டி. கேரியர் ஒரு அரிசி மூட்டை படுத்துத் தூங்குகிற அகலம். சின்னப் பையனுக்கு எதற்கு இவ்வளவு பெரிய கேரியர் என்று யோசிக்கிற புத்தி எனக்கு அன்று இல்லை. அத்தை சைக்கிளைப் பார்த்துப் பார்த்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்தேன். அதுவும் பொறுக்கவில்லை. எனக்காக யாரும் சந்தோஷத்தில் அழுததே இல்லை. அவனுடைய வாத்தியார்கூட அந்த வாரம் இரண்டு தடவை அத்தை வீட்டுக்கு வந்து நின்றுவிட்டுப் போனார். சைக்கிளைப் பார்க்கத்தான் வருகிறார் என்று வெந்து போனேன். என் வாத்தியார் எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரே ஒரு தடவை. அதன் தழும்பு இன்னும் முதுகில் இருக்கிறது.

அப்பாவுக்கு மலைமேல் சின்னதாக ஒரு ஏலக்காய்த் தோட்டம் இருந்தது. அங்கே தங்கி வேலை பார்க்கிறவர்களுக்கு அரிசி, கருவாடு, மண்ணெண்ணெய், வெற்றிலை எல்லாம் வாரம் மூன்று நாள் அவன்தான் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனான். மலை ரோட்டில் தார் போட்ட இடத்தைவிட, தார் போட்டதாகச் சொல்லப்பட்ட இடம்தான் அதிகம். மற்றதெல்லாம் சரளைக்கல். ஏறும்போது யாரும் ஓட்ட முடியாது, தள்ளத்தான் வேண்டும். இறங்கும்போது மிதிக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சரிவுக்குப் பிரேக் கட்டைகள் நாலு வளைவுக்குள் கருகி நாற்றமடிக்கும். அதனால் மலையில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். இலை அடர்ந்த ஒரு பச்சைக் கொப்பை வெட்டிக் கேரியருக்குப் பின்னால் கயிற்றில் கட்டிவிடுவார்கள். அது சரளையில் சரசரவென்று இழுபட்டு வண்டியைப் பிடித்து நிறுத்தும். அடிவாரம் வந்ததும் கொப்பை அங்கிருந்த டீக்கடையில் போட்டுவிடலாம். கடைக்காரர் அதை அடுப்புக்கு வைத்துக்கொண்டு ஒரு அரை டீ கொடுப்பார்.

அந்த அரை டீயை அவன் குடிக்கிறான் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து எனக்கு வீட்டு டீ இறங்கவில்லை.

ஒரு சனிக்கிழமை அழுது புரண்டு அவனோடு மலைக்குப் புறப்பட்டேன். அப்பா முந்தின நாளே மேலே போயிருந்தார். திரும்பும்போது அவரோடு ஜீப்பில், டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வருவதாக ஏற்பாடு. ஏறும்போது அவன் சைக்கிளைத் தள்ள, நான் பின்னாலிருந்து தள்ளுவதாகப் பேர் பண்ணிக்கொண்டு கேரியரைப் பிடித்துத் தொங்கினேன்.

"மாப்ள, இங்கன ஓரமா வா. அந்தக் கல்லு உருளும்" என்பான். கொஞ்ச தூரம் போனதும், "அங்கன பாறைக்குப் பின்னால ஊத்து இருக்கு, குடிச்சிட்டு வா" என்பான். எந்த வளைவில் காற்று அடிக்கும், எங்கே யானை இறங்கும், எங்கே கொப்பு வெட்டலாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தான். தெரியாதா என்ன என்கிற மாதிரி தலையாட்டினேன். ஒன்றுகூடத் தெரியாது.

தோட்டத்தில் இன்னும் மோசம். வேலை பார்க்கிற அக்காமார்கள் அவனைக் கண்டதும், "தம்பி வந்துருச்சு, தம்பி வந்துருச்சு" என்று ஓடி வந்தார்கள். ஒரு அக்கா என்னைக் காட்டி, "இது ஆரு, சாமான் தூக்க வந்த பயலா?" என்று கேட்டாள். தோட்டம் யாருடையது என்று அவளுக்குச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அப்பா, "மாப்ள, சாப்பிட்டியாப்பா?" என்று அவன் தோளில் கை போட்டார். என்னைப் பார்த்து, "ஏலே, மூக்கத் தொடை" என்றார்.

அந்த நிமிஷம்தான் முடிவு செய்தேன்.

சாயங்காலத்துக்கு முன்னாலேயே அவன் ஒரு நாவல் கொப்பை வெட்டிக் கட்டி முடித்துவிட்டு, கை கழுவப் போனான். நான் போய் முடிச்சைத் தளர்த்தினேன். முழுசாக அவிழ்க்கவில்லை. அவன் ஏறி உட்கார்ந்து நாலு அடி உருண்டதும் கொப்பு கழன்று விழ வேண்டும், அக்காமார்கள் சிரிக்க வேண்டும், அப்பா அவனைப் பார்த்து ஒரு தடவை 'ஏலே' என்று சொல்ல வேண்டும். என் திட்டம் அவ்வளவுதான்.

திரும்பிப் பார்த்தால் ஜீப்பில் மூட்டைகள், மூட்டைகள்மேல் ஆட்கள், ஆட்கள்மேல் ஒரு ஆட்டுக்குட்டி. அப்பா கதவைச் சாத்திக்கொண்டு சொன்னார், "ஏலே, இங்க எடமில்ல. நீ மாப்ள கூட சைக்கிள்ல வா."

"நான் நடந்தே வாரேன்" என்றேன். வயிறு வலிக்கிறது என்றேன். படிப்பு இருக்கிறது, இங்கேயே தங்கிப் படிக்கிறேன் என்றுகூடச் சொன்னேன். அந்தப் பொய்க்கு ஆட்டுக்குட்டியே சிரித்திருக்கும். "கொப்பு கட்டியிருக்குல்ல, பயந்தாங்கொள்ளி" என்றார் அப்பா. ஜீப் தூசியைக் கிளப்பிக்கொண்டு முன்னால் போய்விட்டது.

முடிச்சை நான்தான் தளர்த்தினேன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். உயிரா மானமா என்று பதினோரு வயதில் கேட்டால் என்ன சொல்வது? ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

நாலு அடியில் விழ வேண்டிய கொப்பு விழவில்லை. முதல் வளைவில் விழவில்லை. இரண்டாவதிலும் விழவில்லை. நான் ஒரு கையை அவன் இடுப்பிலும் இன்னொரு கையைப் பின்னால் கயிற்றின் நுனியிலுமாக வைத்துக்கொண்டு, முறுக்கிய துணி மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஊரில் உள்ள சாமிக்கெல்லாம் மொட்டை நேர்ந்தேன். அத்தனையும் போட்டிருந்தால் இன்றைக்கு வரைக்கும் முடி முளைத்திருக்காது.

"பயப்படாத மாப்ள" என்றான் அவன். என்னைப் பேச வைக்க நினைத்தானோ என்னவோ, கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டான். "பூகோளத்துல எது வரைக்கும் நடத்தியிருக்காக?"

வகுப்பில் எப்போதும் முதல் ஆள் அவன். நான் பூகோளத்தில் வாங்கிய மார்க்கை ஊரறியும். குத்திக் காட்டுகிறான் என்று எனக்குச் சுருக்கென்றது. கோபத்தில் கை தளர்ந்தது. கயிறு என் உள்ளங்கையை அறுத்துக்கொண்டு போனது.

முதலில் தெரிந்தது சத்தம்தான். அதுவரை பின்னால் கேட்டுக்கொண்டிருந்த சரசர நின்றுபோனது. அதற்கப்புறம் சைக்கிள் தன் இஷ்டத்துக்கு இறங்கத் தொடங்கியது. அவன் பிரேக்கைப் பிடித்தான், ரப்பர் கருகும் வாசம் வந்தது. எதிரே வளைவு. வளைவுக்கு அந்தப் பக்கம் கம்பம் பள்ளத்தாக்கு மொத்தமும், வயலும் தென்னையுமாக, என்னை வா வா என்றது.

"நான்தான் அவுத்தேன், நான்தான் அவுத்தேன்" என்று கத்தினேன். யாரும் கேட்கவில்லை, நானாகவே சொன்னேன். உண்மையைச் சொன்னால் சைக்கிள் நின்றுவிடும் என்று எப்படித் தோன்றியது என்று தெரியவில்லை. சைக்கிளுக்குக் காது இருந்திருந்தால் நின்றிருக்கும்.

"காலத் தூக்கு" என்றான். வெறுங்காலை முன் டயரில் வைத்து அழுத்தி, வண்டியை மலைப்பக்கமாக ஒடித்து, உண்ணிச்செடிப் புதருக்குள் கொண்டுபோய்ச் சொருகினான். நான் அவன்மேல் விழுந்தேன். அவன் கல்லின்மேல் விழுந்தான். எனக்கு ஒரு கீறல். அவனுக்கு முழங்கால் கிழிந்து, உள்ளங்கால் தோல் உரிந்திருந்தது.

அவன் எழுந்து, நொண்டிக்கொண்டே மேலே ஏறிப்போய்க் கொப்பை இழுத்து வந்தான். கயிற்றைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மறுபடி கட்டினான். இரண்டு முடிச்சு போட்டான். அடிப்பான் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"மாமாட்ட சொல்ல மாட்டேன்" என்றான். "ஒன் பூகோளப் புஸ்தகத்த ஒரு வாரம் தா."

அடிவாரத்து டீக்கடையில் அப்பா காத்திருந்தார். அவன் காலைப் பார்த்தார். என்னைத் தலை முதல் கால் வரை தடவிப் பார்த்தார். "என்னாச்சு மாப்ள?"

"முடிச்சு சரியாப் போடல மாமா."

"புள்ளைய ஏத்திட்டு வாரவன் ரெண்டு தடவ இழுத்துப் பாக்க வேணாமாலே?" என்று சொல்லி ஒரு அறை விட்டார்.

அத்தனை நாள் நான் காத்திருந்த 'லே' அது. வந்துவிட்டது. ஆனால் கூடவே, அறைந்த கையாலேயே அப்பா அவன் காலில் மண்ணைத் துடைத்து, தன் துண்டைக் கிழித்துக் கட்டினார். அடி வாங்கியதிலும் அவனுக்குத்தான் பங்கு அதிகம். டீக்கடைக்காரர் கொப்பை வாங்கிப் போட்டுவிட்டு அரை டீயை நீட்டினார். அவன் என் பக்கம் தள்ளினான். நான் குடித்தேன். சர்க்கரை போதவில்லை.

ஒரு வாரம் கழித்துப் புத்தகம் திரும்பி வந்தது. பழுப்புக் காகிதத்தில் புது அட்டை போட்டிருந்தான். உள்ளே மதுரை ஜில்லா படம் இருந்த பக்கத்தில் மேற்கே வெறும் மண்ணிறமாகத்தான் மலை இருக்கும், ரோடு எதுவும் இருக்காது. அங்கே அவன் பென்சிலால் எங்கள் மலை ரோட்டை வரைந்திருந்தான். ஒரு வளைவு விடாமல் இருந்தது. ஊற்று இருக்கிற இடத்தில் ஒரு சொட்டு. கல் உருளும் இடங்களில் புள்ளிகள். கொப்பு வெட்டுகிற இடத்தில் எறும்பளவு ஒரு மரம். நாங்கள் விழுந்த இடத்தில் குட்டியாக இரண்டு மனிதர்கள், ஒருவன்மேல் ஒருவன்.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. நான் வரைந்தால் இந்தியாவே கத்தரிக்காய் மாதிரி வரும். என் புத்தகத்திலேயே வந்து தன் வித்தையைக் காட்டியிருக்கிறான் பார் என்று ரப்பரை எடுத்தேன். லேசில் போகவில்லை, அழுத்தி வரைந்திருந்தான். எச்சில் தொட்டுத் தேய்த்தேன். தேய்த்துத் தேய்த்து, மலை இருந்த இடத்தில் காகிதமே பிய்ந்து ஒரு ஓட்டை விழுந்தது.

மறுநாள் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது அத்தை வீட்டு வாசலில் அவன் அரிசி மூட்டையைக் கேரியரில் ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்தான். திண்டாடட்டும் என்று நினைத்துக்கொண்டேன். அவனுடைய பள்ளிக்கூடத்துப் பை உள்ளே ஆணியில் வெங்காயம் நிரம்பித் தொங்குவதை அத்தை வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன். சைக்கிள் வைத்திருக்கிறவனுக்குப் பை எதற்கு என்றுதான் அன்றைக்கும் நினைத்தேன்.

"படத்தப் பாத்தியா மாப்ள?" என்று கேட்டான்.

"அழிச்சிட்டேன்" என்றேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

அவன் கயிற்றை இழுத்து ஒரு முடிச்சு போட்டான். அதன்மேல் இன்னொன்று போட்டான். ஜெயித்துவிட்டதாக நினைத்து நான் பள்ளிக்கூடம் வரை ஓடினேன்.