சிவப்புத் தொப்பி தோற்க வேண்டும்

கப்பல் எண்ணெயும் உப்பு வேர்வையும் கலந்த வாடை அப்பாவின் சிவப்புத் தொப்பியில் எப்போதும் இருந்தது. பர்மாவில், தாகேதாவில் எங்கள் வீட்டில், காளியம்மன் படத்துக்குப் பக்கத்து ஆணியில் அது தொங்கும். அம்மா சாம்பிராணி போடும்போது அதற்கும் ஒரு சுற்றுக் காட்டுவாள். அதனால்தானோ என்னவோ, ஒன்பது வயதில் நான் ஒரு விஷயத்தை முழுசாக நம்பினேன்: பேஸ்பால் இறுதி ஆட்டத்தில் சிவப்புத் தொப்பிக்காரர்கள் தோற்றால் அப்பாவின் கப்பல் மூழ்கிவிடும்.

அப்பா சரக்குக் கப்பலில் எஞ்சின் அறை ஆள். ஜப்பான் துறைமுகம் ஒன்றில், மாலுமிகள் விடுதியின் டிவியில் முதன்முதலாக அந்த ஆட்டத்தைப் பார்த்தவர், விதி ஒன்றும் புரியாமலே, சிவப்பு அம்மனின் நிறம் என்ற ஒரே காரணத்துக்காகச் சிவப்புத் தொப்பி அணியோடு ஒட்டிக்கொண்டார். அப்புறம் கொரியாவில் இறங்கினாலும் அமெரிக்காவில் இறங்கினாலும் முதல் விசாரணை, "இங்கே சிவப்புத் தொப்பி யாரு?" என்பதுதான். லீவில் வந்தால் மூங்கில் கழியையும் பிரம்பில் பின்னிய "சின்லோன்" பந்தையும் வைத்துச் சந்தில் எனக்கு ஆட்டம் சொல்லித் தருவார். அடித்தவன் ஓடி, மூன்று மூலையையும் தொட்டுவிட்டு, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும் என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. "வீட்டுக்கு வந்து சேர்ந்தாத்தாண்டா கணக்கு" என்பார். போட்டாதாங் துறையில் விடைபெறும்போது, "சிவப்புத் தொப்பி ஜெயிச்சா அப்பா நேரா வந்துடுவேன்" என்று கண்ணடித்தார். பேச்சைப் பிடித்துக்கொண்டேன், கண்ணடித்ததை விட்டுவிட்டேன்.

அந்த வருஷம் தடின்ஜுத் திருவிழா விளக்குகள் அணைந்து தீபாவளி வருவதற்குள், பக்கத்து வீட்டு ஊ தெய்ன் மாமா கப்பலிலிருந்து திரும்பினார். அப்பாவின் பழைய கூட்டாளி. பர்மாக்காரர்தான், ஆனால் அவருடைய அம்மா தமிழச்சி என்பதால் எங்களைப் போலவே தமிழ் பேசுவார்.

"ஜப்பான்ல உங்கப்பன் ஆளுங்க தோத்துட்டாங்கடா. பைனல்ல மண்ணைக் கவ்வியாச்சு" என்றார், வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே.

அவர் கையைப் பிடித்து இழுத்தேன். "வேற நாட்டுல சிவப்புத் தொப்பி இருக்கா மாமா?"

"அமெரிக்காவுல இன்னும் முடியல."

ஓடினேன். ஜப்பான் போகட்டும், அமெரிக்காவிலாவது ஜெயிக்க வை தாயே, நான் தீ மிதிக்கிறேன் என்று காளியம்மனிடம் நேர்ந்துகொண்டேன். அம்மன் அவ்வளவு தூரம் பயணப்படுவாளோ என்ற சந்தேகத்தில், போட்டாதாங் பகோடா புத்தர் கோயிலில் போபோஜி சாமிக்கும் "ஷிக்கோ" என்று மண்டியிட்டு ஒரு கும்பிடு போட்டு, வாழைப்பழச் சீப்பு வைத்தேன். சொன்ன வாக்குக்கு ஒத்திகை வேண்டாமா? அடுப்புச் சாம்பலில் கால் வைத்தேன். உள்ளே கங்கு இருந்தது.

அலறல் கேட்டு ஓடிவந்த அம்மா, "ஏண்டா, கூறு கெட்டவனே!" என்று முதுகில் ஒன்று வைத்தாள். அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சந்தனம்போல் தனாக்காக் கட்டையை இழைத்து என் பாதத்தில் பூசிவிட்டு, தொப்பியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அமெரிக்கா எப்ப முடியுதாம்?"

அமெரிக்காவிலும் தோற்றார்கள். நாங்கள் இரண்டு பேரும் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு மழை நாளில், தோளில் பையோடு அப்பா வாசலில் வந்து நின்றார். நொண்டிக்கொண்டு ஓடிய என்னைப் பார்த்து, "என்னடா, பந்து பொறுக்கப் போய்க் காலை ஒடிச்சுக்கிட்டியா?" என்றார். அம்மன் வரம் தராததால் தீ மிதிக்கும் கடனும் எனக்கு இல்லாமல் போயிற்று.

பிறகு ஒரு வருஷம் ஜப்பான் சிவப்புத் தொப்பி ஜெயித்தது. ஊ தெய்ன் மாமா ரேடியோவில் கேட்டுவிட்டுச் சந்து முழுக்கக் கத்தினார். அம்மா தொப்பிக்கு மாலை போட்டாள்; ரவையில் செய்யும் "சனுவின் மக்கின்" இனிப்பை வாங்கி வீடு வீடாகக் கொடுத்தோம். நான் பயப்படவில்லை, சாமி கும்பிடவில்லை, மூன்று தட்டு இனிப்புத் தின்றேன்.

இப்போது அந்தச் சந்தில் மூங்கில் வேலி ஒன்றுகூட இல்லை. ஊ தெய்ன் மாமா இல்லை, அம்மா இல்லை. தொப்பி ஒரு புயலில் கூரையோடு போயிற்று. கரண்ட் இருக்கும் நேரத்தில் ஜப்பான், கொரியா, அமெரிக்கா என்று மூன்று நாட்டு இறுதி ஆட்டங்களையும் போனில் பார்க்கிறேன். இன்றைக்கும் நான் சிவப்புத் தொப்பி ரசிகன்தான். அது தோற்க வேண்டுமென்று வேண்டிக்கொள்ளும் ரசிகன், உலகத்திலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். என் மகன் கொரியாவில் தொழிற்சாலை வேலையில் இருக்கிறான்.

சென்ற முறை இறுதி ஆட்டம் நடந்த மைதானத்திலிருந்து, பர்மிய எழுத்தில் தமிழை எழுதி அனுப்பினான்: "நம்ம ஆளுங்க ஜெயிச்சுட்டாங்கப்பா!" கூடவே தலையில் சிவப்புத் தொப்பியோடு ஒரு படம். ஐம்பதைத் தொடும் ஆம்பளை, இடுப்பில் லோஞ்சி அவிழ்வது தெரியாமல் மாடிக்கு ஓடி, சிக்னல் தேடி, விடாமல் போன் அடித்தேன்.

"என்னப்பா? சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்."

"முதல்ல அந்தத் தொப்பியைக் கழட்டு."

"ஏம்ப்பா?"

"தலை வேர்க்கும்டா."

"இங்க குளிருதுப்பா" என்று சிரித்தான். மெல்லும் சத்தம் கேட்டது. அது நிற்கும்வரை போனை வைக்கவில்லை.

அவனிடம் நான் இன்னும் சொல்லாதது இதுதான். அந்த இனிப்பைக் கொடுத்து முடித்த மறுவாரம் கப்பல் ஏஜெண்டின் ஆள் வீட்டுக்கு வந்தார். அப்பா கொரியத் துறைமுகம் ஒன்றில், மாரடைப்பில் இறந்திருந்தார். அவர் இறந்த நாளில், அந்த வருஷத்து இறுதி ஆட்டம் தொடங்கியே இருக்கவில்லை.