ஒப்பிட்டவர் சடையப்பன்

தாலுகா கச்சேரியில் நகல் எழுதும் சடையப்பனிடம் போய் யாராவது 'காப்பி வேணும்' என்று கேட்டுவிட்டால், அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார். "காப்பியா? ரயிலடியில நாயர் கடை கீது, போ." 'டூப்ளிகேட்' என்று கேட்டவனுக்கு, "அது லாரி சாமானுக்குச் சொல்றதுப்பா." 'படி' என்று பழைய கணக்குப்பிள்ளை பாஷையில் கேட்டவருக்கு, "எதுக்கு, நெல்லு அளக்கவா?" 'பிரதி' என்று கேட்ட பள்ளிக்கூட வாத்தியாருக்கு மட்டும் பதிலே கிடையாது, மேஜைமேல் உட்கார்ந்த ஈயைப் பார்ப்பதுபோல் ஒரு பார்வை. நகல் என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். மனுவில் கட்டண வில்லை ஒட்டியிருக்க வேண்டும். அப்புறம்தான் பேனா மைக்கூட்டுப் பக்கம் போகும்.

கையெழுத்து அழகு. அதை யாரும் மறுக்க முடியாது. வந்துபோன தாசில்தார்கள் எல்லாரும் பாராட்டிவிட்டுப் போனார்கள். இப்படி அழகாக எழுதுகிறவன் தப்பாக எழுதமாட்டான் என்று முப்பத்தோரு வருஷமாக அவர் நம்பினார். கச்சேரியும் சோம்பேறித்தனத்தால் நம்பியது.

நகலின் அடியில் மூன்று பேர் கையெழுத்துக்கு இடம் உண்டு. எழுதியவர், வாசித்தவர், ஒப்பிட்டவர். ஒருவர் அசலை உரக்க வாசிக்க, இன்னொருவர் நகலின்மேல் விரலை ஓட்டிக்கொண்டு வரிக்கு வரி 'சரி' சொல்ல வேண்டும் என்பது முறை. சடையப்பனுக்கு அது மானப் பிரச்சினை. தான் எழுதியதை இன்னொருத்தன் வாய்விட்டு வாசித்துப் பார்ப்பதா? மூன்று இடத்திலும் அவரே கையெழுத்துப் போட்டார், வாலைச் சுழித்துச் சுழித்து.

1972-ஆம் வருஷம் ஜூன் மாதம் வயசான விவசாயி அப்பாவு வந்தார். கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்பேட்டை வரும், நிலம் எடுப்பார்கள் என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த சமயம். அவர் ஒரு கையில் பழைய பட்டாவையும் இன்னொரு கையில் சடையப்பன் எழுதிக் கொடுத்த நகலையும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இன்னா சார் இது? பட்டாவுல ரெண்டு ஏக்கரா நாப்பது சென்ட்டு கீது. நீ எழுதுனதுல ஒரு ஏக்கரா நாப்பது. ஒரு ஏக்கரா எங்க சார் போச்சு? ஆத்தோட போச்சா?"

"நகல்ல இன்னா கீதோ அதான்யா."

"அப்ப இது?" அப்பாவு பட்டாவை நீட்டினார்.

"அது வெறும் அசலு." சடையப்பன் அதைத் தொடக்கூட இல்லை. "கரையான் தின்னும், எலி தின்னும். ஒப்பிட்டுக் கையெழுத்துப் போட்டது நகல். சர்க்காரு எதைப் பாக்கும்?"

"எருமைய உட்டுட்டு அதோட போட்டோவுலயா சார் பால் கறப்பாங்க?"

பக்கத்து மேஜையில் விக்டோரியா சிரித்துவிட்டாள். கச்சேரி ஊழியர்களின் கோப்புகளைப் பார்க்கும் குமாஸ்தா அவள். வேலைக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. சடையப்பன் அவளை முறைத்துவிட்டு, "புது மனு போடு, வில்லை ஒட்டு, அப்புறம் வா" என்று அப்பாவுவை வெளியே அனுப்பினார். அப்பாவு பட்டாவையும் அந்த நகலையும் சேர்த்துப் புது மனு போட்டார். அது அடுக்கின் அடிக்குப் போனது.

மறு வாரம் விக்டோரியாவே ஓர் உத்தரவைக் கொண்டுவந்து சடையப்பன் மேஜையில் வைத்தாள். ஜூலை 31-ஆம் தேதி பிற்பகல் அவர் ஓய்வு பெறுகிறார்.

"இன்னாம்மா இது வெளயாட்டு? எனக்கு அம்பத்திரண்டுதான் ஆவுது. இன்னும் மூணு வருஷம் கீது."

"பணிப்பதிவேட்டுல 1917-னு இருக்கு சார்."

"1920! எஸ்.எஸ்.எல்.சி. புக்கு ஊட்டுல கீது!"

ஓடிப்போய் அதை எடுத்துவந்தார். விக்டோரியா பதிவேட்டைத் திறந்து பக்கத்தில் வைத்தாள். பதிவேட்டில் 1917, எண்ணாலும் எழுத்தாலும், அவருடைய அழகான கையில். கீழே 'ஒப்பிட்டேன், சரி' என்று சுழித்த கையெழுத்து. வேலைக்குச் சேர்ந்த அன்று, கையெழுத்து நன்றாக இருக்கிறதென்று, கூடச் சேர்ந்த கோபாலின் பதிவேட்டையும் தன்னுடையதையும் அவரையே எழுதச் சொன்னார்கள். கோபால் பிறந்தது 1917. அதை எழுதிய வேகத்திலேயே பேனா அடுத்த பதிவேட்டுக்கும் அந்த வருஷத்தைக் கொண்டுபோய்விட்டது. கோபால் பிப்ரவரியில் ஓய்வு பெற்று மாலை போட்டுக்கொண்டு போய்விட்டார். அவர் பிறந்த வருஷத்துக்காகச் சடையப்பனும் இப்போது போக வேண்டும்.

"அசல் கையில கீதேம்மா" என்றார் சடையப்பன். அந்த வார்த்தையை அவர் இவ்வளவு பாசமாகச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

"சேர்ந்து அஞ்சு வருஷத்துக்குள்ள கேட்டிருக்கணும் சார். இனிமே கலெக்டருக்குத்தான் எழுதிப் பாக்கணும். பதிவேட்டுப் பக்கத்தோட நகல் வெக்கணும்."

ஆக, சடையப்பன் நகல் மனு எழுதி, வில்லை ஒட்டி, தனக்கே கொடுத்துக்கொண்டார். அது மட்டும் அடுக்கின் உச்சிக்கு வந்தது.

ஜூலை நடுவில் ஒரு நாள் உட்கார்ந்து எழுதினார். ஆடித் திருவிழாவுக்குப் பெரியபாளையம் போகும் பஸ்கள் வேப்பிலைக் கொத்துகளோடு வாசலில் உறுமிக்கொண்டிருந்தன. பேர், தகப்பனார் பேர், ஊர், எல்லாம் வழக்கமான அழகில் வந்தன. வருஷம் வந்ததும் பேனா நின்றது. கலெக்டர் ஆபீசில் பதிவேட்டை யார் கேட்கப்போகிறார்கள்? நகலைத்தானே பார்ப்பார்கள்? தான் பிறந்த வருஷத்தைத் தான் எழுதினால் அது எப்படிப் பொய்யாகும்? 1920 என்று எண்ணாலும் எழுத்தாலும் எழுதினார். எழுதியவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டு, வாசித்தவருக்குப் பேனாவை நகர்த்தினார்.

"இருங்க சார்." விக்டோரியா பதிவேட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். "மனுதாரர் நீங்க. உங்க கேஸை நீங்களே வாசிச்சு ஒப்பிட்டா கலெக்டர் ஆபீஸ்ல திருப்பிடுவாங்க. நான் வாசிக்கறேன்."

"இன்னாத்துக்கும்மா உனக்கு செரமம்?"

"முறைதானே சார்."

அவள் வாசித்தாள். அவர் நகலில் விரலை ஓட்டினார்.

"பேர், சடையப்பன்."

"சரி."

"பிறந்த தேதி, ஜூலை ஒன்பது."

"சரி."

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினேழு."

விரல் 1920-இன்மேல் நின்றது. விக்டோரியா காத்திருந்தாள், தலையைத் தூக்கவில்லை. இன்னொரு முறை வாசித்தாள், இன்னும் கொஞ்சம் உரக்க. வராந்தாவில் தன் நகலுக்காகக் குந்தியிருந்த அப்பாவுகூடத் திரும்பிப் பார்த்தார்.

சடையப்பன் பேனாவை எடுத்தார். 1920-ஐ எண்ணிலும் எழுத்திலும் அடித்தார். மேலே 1917 என்று எழுதினார். அடித்திருத்தத்துக்குப் பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தார். முப்பத்தோரு வருஷத்தில் முறைப்படி ஒப்பிட்டுத் தயாரான முதல் நகல் அது.

"சரி" என்றார். கலெக்டர் அந்த நகலைப் பார்ப்பார். தப்பு அதில் துல்லியமாக இருக்கும்.

விக்டோரியா வாசித்தவர் இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அடுக்கின் அடியிலிருந்து ஒரு மனுவை உருவினாள். "நீங்க போறதுக்குள்ள அப்பாவு கேஸையும் இப்படியே பாத்துடலாம் சார். ஒரு ஏக்கர் உதைக்குது."

ஒரு வருஷத்தை அடித்துத் திருத்திய மை இன்னும் காயவில்லை. சடையப்பன் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"ஏன்? நான் தப்பா எழுதுவனா?"

விக்டோரியா வராந்தா பக்கம் திரும்பினாள். "வாங்க பெரியவரே" என்று அப்பாவுவை உள்ளே கூப்பிட்டு, நகலை அவர் கையில் கொடுத்து விரல் வைக்கச் சொல்லிவிட்டு, பட்டாவை உரக்க வாசிக்கத் தொடங்கினாள்.