பேச்சி இழுக்கவில்லை

எங்கள் ஊர்க் கோயில் கொடையில் சாமியாடி அருள் வந்து என் முன்னால் நின்று குறி சொல்ல ஆரம்பித்தபோது, "மொதல்ல வேர்வையத் தொடைங்க, பொறவு சொல்லலாம்" என்று துண்டை நீட்டியவள் நான். பேய், முனி, காத்துக்கருப்பு என்று எதிலும் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் இருபத்து மூன்று வருஷமாக வேலை. நான் பார்க்காத சாவா? செத்தவர்கள் எல்லாம் திரும்பி வருவதாக இருந்தால் எங்கள் கம்பெனி பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காது. அப்படிச் சொல்லித் திரிந்த நான்தான் இதைச் சொல்கிறேன். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம், ஆனால் முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

முதலில் பேச்சியம்மாளைச் சொல்ல வேண்டும். என்னோடு ஒரே அறையில் பதினாலு வருஷம் வேலை பார்த்தவள். பட்டாசு மருந்து வேலையில் முதல் பாடமே பெட்டியைத் தரையில் இழுக்கக் கூடாது என்பதுதான். உரசினால் பொறி, பொறி பட்டால் அறையும் இல்லை ஆளும் இல்லை. அதனால் ரெண்டு பேர் எதிரெதிரே நின்று தூக்குவோம், ஒருத்தி முன்னால் பார்த்து நடந்தால் மற்றவள் முதுகைக் காட்டிப் பின்பக்கமாகவே நடந்து போக வேண்டும். அப்படிப் பின்பக்கமாக நடப்பது எப்போதும் பேச்சிதான், எனக்கு விட்டுக்கொடுக்கவே மாட்டாள். என்னைவிட ஒரு சாண் குட்டை, பெட்டி அவள் பக்கம் சாய்ந்தே போகும். யாராவது அவசரத்தில் பெட்டியைக் காலால் நகர்த்தினால் போதும், "ஏட்டி, தூக்கு!" என்று ஒரு அதட்டல் போடுவாள், மேனேஜர் ரூமுக்கே கேட்கும். வீட்டில் அரிசி மூட்டையைக்கூட அவள் இழுக்க விட்டதில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்த அறை வெடித்தது. அன்றைக்கு நான் லீவு. பேச்சியும் இன்னும் ரெண்டு பேரும் போய்விட்டார்கள். அறையில் அளவுக்கு மேல் மருந்து அடுக்கியிருந்ததை ஒருத்தரும் பேசவில்லை. பேச்சி பெட்டியை இழுத்தாள், அதனால்தான் தீப்பிடித்தது என்று விசாரணையில் முடித்துவிட்டார்கள். கூட வேலை பார்த்தவள் என்று என்னையும் கூப்பிட்டு, "அந்தம்மாவுக்கு இழுக்குற பழக்கம் உண்டா?" என்று கேட்டார்கள். பக்கத்தில் மேனேஜர் நின்றுகொண்டிருந்தார். நான் "தெரியல சார்" என்றேன்.

எனக்கா தெரியாது? வேலை போய்விடும் என்ற பயம், வேறொன்றும் இல்லை.

அதோடு அவள் மகள் மகேஸ்வரியின் பாடுதான் கஷ்டமாகிவிட்டது. அவளும் எங்கள் கம்பெனியில்தான் பேக்கிங் வேலை. பஸ்ஸில் அவள் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். "ஒங்காத்தா இழுத்த இழுப்புல ரெண்டு குடும்பம் தெருவுக்கு வந்துருச்சு" என்று குழாயடியில் வைத்து முகத்துக்கு நேரே சொன்னார்கள். அந்தப் பிள்ளையும் கடைசியில் அதை நம்ப ஆரம்பித்துவிட்டது.

வெளிநாட்டு ஆசை பேச்சியுடையது. எங்கள் பெட்டி ஒன்றில் ஒட்டுகிற லேபிளில், பெரிய ஆறு, படகு, கரையில் கோபுரம், மேலே வாணம் வெடிக்கிற மாதிரி ஒரு படம். அது பாங்காக் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். "யக்கா, இந்த ஆத்துல ஒரு நா படகுல போவணும், ரெண்டு பேருமா" என்று லேபிள் ஒட்டும்போதெல்லாம் சொல்வாள். போன தீபாவளி முடிந்து கம்பெனிக்கு லீவு விட்டதும் நான் கிளம்பிவிட்டேன். "ஒத்தையில ஒரு பொம்பளை அம்புட்டுத் தொலைவு போவாகளா?" என்று என் மகன் குதித்தான். "மருந்து ரூமுக்குள்ள போறப்ப எங்கூட யாருலே வந்தீக?" என்று கேட்டுவிட்டுப் பையைத் தூக்கினேன்.

பாங்காக்கில் ஆறு அகலம் என்றால் அப்படி அகலம். வைப்பாற்றில் மணலை மட்டுமே பார்த்து வளர்ந்த எனக்கு ஒரு ஆறு முழுக்கத் தண்ணீர் ஓடுவதைப் பார்க்கவே கோபம் வந்தது, இங்கே மட்டும் எப்படி என்று. ஆரஞ்சுக் கொடி கட்டிய படகில் ஏறினேன். டிக்கெட் கொடுக்கிற அம்மா ஒரு தகரக் குழாயைச் சடக் சடக் என்று அடித்துக்கொண்டே வருகிறார், துறை வந்தால் பின்னால் நிற்கிற ஆள் விசில் ஊதுகிறார், பாஷையே தேவைப்படவில்லை. உடைந்த பீங்கான் தட்டுகளைப் பூப்பூவாகப் பதித்த ஒரு கோயில் கோபுரத்தில் செங்குத்தான படியில் ஏறிப் பாதியில் மூச்சு வாங்கி உட்கார்ந்து, ஏறிய வரைக்கும் போதும் என்று இறங்கினேன். கரையோரக் கடையில் ரெண்டு கையையும் இறக்கை மாதிரி அடித்துக் காட்டிக் கோழி போட்ட நூடுல்ஸ் வாங்கினேன். கிண்ணம் உள்ளங்கை அளவுதான், ஏழு கிண்ணம் சாப்பிட்டேன், கடைக்காரி கைதட்டினாள். மாம்பழத்தைச் சோற்றோடு தேங்காய்ப்பால் ஊற்றித் தருகிறார்கள், சத்தியமாக நன்றாக இருந்தது. பப்பாளிக்காயை உரலில் இடித்து ஒரு கலவை கொடுத்தார்கள். சாத்தூர் மிளகாய் வத்தலில் வளர்ந்த எனக்கே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தச் சந்தையிலேயே கல்லுரல் விற்றார்கள், கருகருவென்று வழவழப்பாக. எனக்கு ஒன்று, மகேஸ்வரிக்கு ஒன்று வாங்கினேன். ஆமாம், வெளிநாடு போய்க் கல் வாங்கினேன், சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

ரெண்டையும் ஒரு அட்டைப்பெட்டியில் வைத்துக் கயிறு கட்டிக் கொடுத்தார்கள். சாயங்காலம் நாலு மணி இருக்கும், சுள்ளென்று வெயில். சந்தையிலிருந்து படகுத்துறைக்குப் பலகை போட்ட நடைபாதை, அறுபது எட்டு வைக்கிற தூரம் இருக்கும். பாதி வரை தூக்கிவிட்டேன், இடுப்பு விட்டுப்போனது. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, கல்லுதானே, மருந்தா வைத்திருக்கிறது என்று கயிற்றைப் பிடித்து இழுத்தேன். இருபத்து மூன்று வருஷத்தில் முதல் தடவை. சரக் என்று பலகையில் சத்தம் வந்தது. இன்னொரு தடவை இழுத்தேன், சத்தம் வரவில்லை.

திரும்பிப் பார்த்தால் பெட்டியின் அந்தப் பக்கம் தரையை விட்டு எழும்பி நிற்கிறது. அந்தப் பக்கம் யாரும் இல்லை. எதில் மாட்டியிருக்கிறது என்று குனிந்து பார்த்தேன், ஒன்றும் இல்லை, அடியில் வெயில்தான் விழுந்திருந்தது. என் பக்கத்தை ரெண்டு கையாலும் தூக்கினேன். பாதிக் கனம்தான் இருந்தது. அப்புறம் அந்தப் பெட்டி மெதுவாக அரை வட்டம் சுற்றியது. நான் துறையைப் பார்த்து நிற்கிறேன், பெட்டி எனக்கு முன்னால். நகர ஆரம்பித்துவிட்டது. அந்தப் பக்கம் ஒரு சாண் தாழ்ந்து, சாய்ந்துகொண்டே போகிறது. இடையில் ஒரு பலகை தூக்கலாக இருந்தது, அந்த இடத்தில் நின்று, தடவிப் பார்க்கிற மாதிரி நின்று, அப்புறம் நகர்ந்தது. எதிரே வந்தவர்கள் ரெண்டு பேருக்கு விடுகிற வழியை விட்டார்கள். துறையில் கயிறு பிடிக்கிற ஆள் என்னைப் பார்க்கவே இல்லை. எனக்கு எதிரே, என் தோள் உயரத்தில், யாரையோ பார்த்துத் தலையசைத்து ஒதுங்கினார். வெயில், ஏழு கிண்ணம் நூடுல்ஸ், பித்தம் என்று என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். கனம் எவ்வளவு என்று என் கைக்குத் தெரியாதா?

துறைக்கு வந்து சேர்ந்தோம், பெட்டி இறங்கியது, படகு வந்தது, ஏறிவிட்டேன். அழுகையை அடக்க முடியவில்லை. செத்த பிறகும் ஒரு கல்லைக்கூட இழுக்க விடாதவள், மருந்துப் பெட்டியையா இழுத்திருப்பாள்?

ஊருக்கு வந்து மறுபடி வேலை ஆரம்பித்த முதல் நாளே பஸ்ஸில் மகேஸ்வரி பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "பேச்சி இழுக்கல. அன்னைக்கு நாந்தான் பயந்துபோயி தெரியலன்னு சொன்னேன்" என்றேன். படகுத்துறையில் நடந்ததையும் சொன்னேன். மேனேஜர் கூப்பிட்டு, "சீசன் ஆர்டர் வர்ற நேரத்துல பேய்க்கதை எதுக்கு பேசுறீக?" என்று கேட்டார். "பேயவா சாட்சிக்குக் கூப்புட்டேன்? பதினாலு வருசம் பாத்த கண்ணு சொல்லுது. வேலைய விட்டு நிப்பாட்டணும்னா நிப்பாட்டுங்க" என்றேன். கலெக்டர் ஆபீஸில் மனுவும் கொடுத்திருக்கிறேன், பதில் வரவில்லை, வரும்வரை போவேன். "கல்லு வாங்கப் போனவ பேய வாங்கிட்டு வந்துட்டா" என்று ஊரில் கேலி பேசுகிறார்கள். பேசட்டும்.

மகேஸ்வரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நான் வாங்கிவந்து கொடுத்த உரலைத் தடவிக்கொண்டே ஒன்றே ஒன்று கேட்டாள். "எங்கம்மா ஒங்க மேல கோவமா இருந்துச்சா பெரியம்மா?"

"இல்லத்தா" என்றேன்.

பெட்டி இறங்கியது என்று சொன்னேன் அல்லவா, அதை அவளிடமும் அப்படித்தான் சொன்னேன். முழுசாகச் சொல்லவில்லை. துறையில் என் பக்கத்தை நான் கீழே வைத்துவிட்டேன். அந்தப் பக்கம் இறங்கவில்லை. நான் கையை எடுத்து நிமிர்ந்து நின்ற பிறகும் அது அப்படியே அந்தரத்தில் நின்றது, நான் ஏதோ சொல்லப்போகிறேன் என்று காத்திருக்கிற மாதிரி. என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். வாய் வரவில்லை. தூரத்தில் படகு விசில் கேட்டது. அப்புறம்தான் அந்தப் பக்கம் இறங்கியது, சத்தமே இல்லாமல்.