நாற்பத்தெட்டா, ஐம்பத்தொன்றா

ஐந்தாவதோடு என் படிப்பு நின்றுவிட்டது. மோட்டார் பெட்டிக்குள் வைக்கிற சிப்பைப் பற்றி நான் எழுதுவது எனக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் எண்பதுகளின் கடைசியில், பாகூர் பக்கம் எங்கள் வீட்டில், சாப்பிட உட்கார்ந்தால் அந்தப் பேச்சுதான்.

கரும்புக்குத் தண்ணீர் விட த்ரீ பேஸ் கரண்டு வேண்டும். அது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. விடிகிறதற்கு முன்பே வீட்டுக்காரர் எழுந்து, வரப்பு மேல் நடந்து மோட்டார் கொட்டாய்க்குப் போய்ப் பார்ப்பார். வந்திருந்தால் சுவிட்சைப் போடுவார். மார்கழிப் பனி அவருக்கு ஆகாது. திரும்பும்போது ஆளுக்கு முன்னால் அவர் மூச்சு இழுக்கிற சத்தம் வாசலுக்கு வந்துவிடும். நான் சுக்கு வெந்நீர் வைத்துக் காத்திருப்பேன். போகாதீர்கள் என்று வாய்விட்டுச் சொன்னதில்லை. அப்படிச் சொல்லிப் பழக்கமில்லை.

கொழுந்தனார் பாலிடெக்னிக் படித்தவர். கரண்டு வந்தால் தானே மோட்டாரைப் போட்டு, ஒரு பேஸ் போனாலும் நிறுத்திவிடுகிற பெட்டி ஒன்று செய்துகொண்டிருந்தார். அதற்கு மூளை ஒரு சிப்பு. பூரான் மாதிரி இரண்டு பக்கமும் கால், முதுகில் வட்டமாக ஒரு கண்ணாடிச் சன்னல். அதில் இரண்டு குடும்பம் உண்டாம். பழசு நாற்பத்தெட்டு, புதுசு ஐம்பத்தொன்று. பஸ் நம்பர் சொல்கிற மாதிரி சொல்வார்.

"புதுசுல நாலு மடங்கு எடம் இருக்குதுண்ணே. எத்தினி மணி நேரம் ஓடணும்னு பட்டன அமுக்கி சொல்லலாம். நம்பர் காட்டும். கெணத்துல தண்ணி எவ்ளோ இருக்குதுன்னு கூட சொல்லும். பழசுல அவ்ளோ அடங்காது."

"பழசு தான் உனக்கு அத்துப்படி ஆச்சேடா."

"இன்னும் கொஞ்ச நாள்ல அது கடையிலயே கெடைக்காது. எல்லாரும் புதுசுக்குப் போறாங்க."

"அப்ப புதுசையே வையேன்."

"பழசுக்கு நான் எழுதன புரோகிராம் இதுல ஓடாது. மொதல்லேர்ந்து எழுதணும். தை தாண்டிடும்."

"பொண்ணு பாக்கறதுக்கு கூட நீ இவ்ளோ யோசிக்கலயேடா. எது நல்ல குடும்பம்னு தரகர வுட்டு விசாரிப்பமா?"

ஐப்பசி போய்க் கார்த்திகை வந்துவிட்டது. பெட்டி வாயைத் திறந்தபடி கிடந்தது. அடுத்தது மார்கழி என்று நான் நாள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். கொழுந்தனார் சட்டென்று என்னைப் பார்த்தார்.

"அண்ணி, நீங்க சொல்லுங்க. பழசா, புதுசா?"

"அவள இன்னாடா கேக்கற? அவளுக்கு இன்னா தெரியும்?" என்றார் வீட்டுக்காரர்.

எனக்குத் தெரியாதுதான். ஆனால் மனசில் இருந்தது வாயில் வந்துவிட்டது.

"எத வச்சா உங்க அண்ணன் பனியில போவாம இருப்பாரு?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. ரசக் கிண்ணத்தோடு அடுப்படிக்குள் போய்விட்டேன். வெளியே வீட்டுக்காரர் சிரிக்கிறது கேட்டது.

"நீ எத வச்சாலும் நான் போவத்தான் போறேன்டா. மோட்டார் ஓடுதா இல்லையான்னு பாக்காம என்னால படுக்க முடியுமா?"

கொழுந்தனார் கேட்கிறது காதில் விழுந்தது.

"அப்ப உனக்கு நம்பர் வேணாமா?"

"எனக்கு எதுக்குடா நம்பரு?"

"பட்டன்?"

"வேணாம்."

"ஓடுதான்னு இங்கேர்ந்தே தெரிஞ்சா போதுமா?"

"போதும்."

"அட போண்ணே! அதுக்கு சிப்பே வேணாமே. ஸ்டார்டர்லேர்ந்து ஒயர இழுத்து ஒரு செவப்பு பல்பு போட்டா முடிஞ்சிது. மிச்சத்துக்குப் பழசே தாராளம். கடையில இருக்கும்போதே கூட ரெண்டு வாங்கி வச்சிக்கலாம்."

மெட்ராசுக்குப் போய் அங்கே ஒரு மெஷினில் வைத்து நாற்பத்தெட்டில் எழுதிக்கொண்டு வந்தார். சன்னல் வழியாக வெயில் பட்டுக்கொண்டே இருந்தால் எழுதினது அழிந்துவிடுமாம். மறைக்க டேப்பு தேடினார், இல்லை.

"அண்ணி, ஒரு ஸ்டிக்கர் பொட்டு குடுங்க. பெருசா."

முகம் பார்க்கிற கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்த அரக்குப் பொட்டை எடுத்துக் கொடுத்தேன். சன்னலுக்கு அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது.

"பொட்டு வச்சாச்சா? இனிமே அது நம்ம வூட்டுப் பொண்ணு," என்றார் வீட்டுக்காரர்.

பிற்பாடு வெளியூர்க்காரர்களுக்குச் செய்து கொடுத்த பெட்டிகளுக்குக் கொழுந்தனார் ஐம்பத்தொன்றைத்தான் போட்டார். அவர்களுக்கு நம்பர் வேண்டியிருந்தது. அது நல்ல சிப்பு என்பார். இருக்கும்.

மார்கழி பிறந்தது. முதல் நாள் விடியலில் வழக்கம்போல் அவர் எழுந்தார். எனக்கும் விழிப்பு வந்துவிட்டது. தெருக்கதவைத் திறந்து நின்றார். கரும்புக்கு மேலே தெரியட்டும் என்று கொட்டாயில் நீளமாக மூங்கில் நட்டுப் பல்பைக் கட்டியிருந்தார்கள். பனிக்குள் அது குங்குமம் கரைந்த மாதிரி தெரிந்தது.

"ஓடுது," என்றார்.

செருப்பு மாட்டுகிற சத்தத்துக்காகக் காது கொடுத்துக் காத்திருந்தேன். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்தார்.

பழக்க தோஷத்தில் நான் சுக்கு வெந்நீர் வைத்துவிட்டேன்.

"இது எதுக்குடி இன்னிக்கு?" என்றார்.

இரண்டு பேருமாகக் குடித்தோம்.