ஞாயிற்றுக்கிழமைப் பெரட்டு

எழுபதுகளின் நடுப்பகுதியில் எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் பதுளைக் கிளை, ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடமொன்றுக்கு அறை கட்டிக்கொடுக்க முன்வந்தது. அந்தப் பள்ளிக்கூடம் நான்காம் வகுப்போடு முடிந்துவிடும். தனி அறை இருந்தால்தான் ஐந்தாம் வகுப்பு என்று கல்விக் கந்தோர் சொல்லியிருந்தது. அங்கிருந்த ஒரே வாத்தியாரும் எங்கள் சங்கத்துக்காரர். நான்காம் வகுப்பு முடித்த பிள்ளைகளை மலைக்கு வேலைக்கு அனுப்பிவிடாதீர்கள் என்று ஒவ்வொரு வீடாகக் கெஞ்சி நிறுத்தி வைத்திருந்தார்.

திங்கட்கிழமை கல்வி அதிகாரி அறையைப் பார்க்க வருகிறார். சனிக்கிழமை பெய்த மழையில் நாங்கள் எழுப்பிய மண்சுவர் உட்கார்ந்துவிட்டது. தகரக் கூரை மட்டும் நான்கு கால்களில் நின்றது.

ஞாயிறு விடியுமுன் எங்கள் சங்கத்துப் புடைவைக் கடை நானாவின் லொறியில் போய் இறங்கினோம். எல்லோரும் கந்தோர் உத்தியோகத்தர், கடைக்காரர். தலைவருக்கு வங்கியில் வேலை. லயம் என்கிற வரிசை வீடுகளில் இருந்த தோட்டத்துச் சனங்களையும் உதவிக்குக் கூப்பிடலாம் என்று அவர் தப்படிப்பவரை எழுப்பினார்.

"எந்த அடிங்க? கல்யாணத்துக்கா, சாமிக்கா?"

"தெனமும் காலையில அடிப்பீங்களே, அதையே அடிங்க. அதுக்குத்தான் எல்லாரும் வருவாங்க."

வந்தார்கள். வராமல் இருப்பார்களா? அது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கான அடி. கூடையும் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்குமாகப் பெண்கள் ஓடி வந்தார்கள். கங்காணி சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு தடியோடு வந்தார். எங்களில் பாதிப் பேர் லயத்தில் பிறந்தவர்கள். அந்த அடிக்குப் பயந்து வளர்ந்த எங்களில் ஒருவருக்கும் அது அப்போது உறைக்கவில்லை.

"யாருய்யா ஞாயித்துக்கெழம பெரட்டு அடிக்கச் சொன்னது?" என்றார் கங்காணி.

"கைக்காசு வேலையாங்க?" என்று கேட்டார் ஓர் அக்கா. ஞாயிற்றில் பறித்தால் அன்றைக்கே கையில் கிடைக்கும் கூலி அது. இல்லை என்றதும் கூட்டம் கொதித்தது. விறகு, துவையல், தண்ணீர் எல்லாவற்றுக்கும் அவர்களுக்கு இருந்தது அந்த ஒரு நாள்தான். சிலர் திரும்பி நடந்தார்கள். வாத்தியார் இடிந்த மண்ணைப் பார்த்தபடி நின்றார்.

அந்த அக்காவின் மகளும் ஐந்தாம் வகுப்புக்குக் காத்திருந்தவள். அக்காதான் குரல் கொடுத்தார்: "கூடை தலையில ஏறிருச்சு. சும்மா எறக்கவா? அதான் பெரட்டு அடிச்சாச்சே, கங்காணி! மொதல்ல இந்த தொரைமாருக்கு வேலயப் பிரிங்க!"

நடந்தவர்களும் சிரித்துக்கொண்டே திரும்பினார்கள். கங்காணி எங்களை வரிசையில் நிற்க வைத்தார். தலைவருக்குத் தலையில் படங்கை மடித்துப் போட்டு, கூடைக் கயிற்றை மாட்டி, மண் நிரப்பி ஏற்றிவிட்டார்கள். ஆறடி போவதற்குள் அவர் கூடையோடு மல்லாந்துவிட்டார்.

"கொழுந்துன்னா கொட்டியிருப்பாரு, மண்ணு அவரயே கொட்டிருச்சு!"

"நம்மட தலைவருக்கு பேங்குதான் சரி," என்றார் நானா, முழங்கால் வரை சேற்றில் நின்றபடி.

மாலையில் சுவர் நான்கும் எழும்பி, சுண்ணாம்பும் பூசியாகிவிட்டது. கங்காணி தலைவரை மேலும் கீழும் பார்த்தார். "ஐயாவுக்கு அரைப் பேருதான்." அரை நாள் சம்பளம் என்று பொருள். வாய்விட்டுச் சிரித்ததில் எனக்கு விலா வலித்தது.

செவ்வாய்க்கிழமை வாத்தியார் பதுளைக்கு வந்தார். வங்கி வாசலில் எங்களைக் கண்டதும் அவருக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. அதிகாரி ஈரச் சுவரில் சாய்ந்துவிட்டாராம். கறுப்புக் கோட்டின் முதுகு முழுக்கச் சுண்ணாம்பு. அப்படியே உட்கார்ந்து ஐந்தாம் வகுப்புக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாராம்.

"கங்காணி ஒரு விசயம் சொல்லச் சொன்னாரு," என்று தலைவர் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு முழுப் பேரு போட்டாச்சாம்."

தலைவர், வங்கி வாசலென்றும் பாராமல், இரண்டு கையையும் தூக்கி ஓர் ஆட்டம் போட்டார்.