மின்விசிறி கிடைத்தது, ஸ்டூல் கிடைக்கவில்லை

தொழிற்சங்கச் செயலாளர் என்பவன் முதலாளிக்கு வெறும் தொழிலாளி, தொழிலாளிக்குப் பாதி முதலாளி. சங்கப் பொறுப்பில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளி தூக்கியவர்களுக்கும் புரியும். புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில், மருந்து பாட்டில் செய்யும் ஒரு கம்பெனியில் எனக்கு அந்தப் பதவி. மெஷினில் வேலை, மிச்ச நேரமெல்லாம் பஞ்சாயத்து.

யார் பேச்சைக் கேட்பது?

கலைச்செல்வி அக்கா பேக்கிங் பிரிவு. முதலியார்பேட்டையிலிருந்து வருகிறவர். பாட்டிலைத் துடைத்து, விரிசல் பார்த்து, அட்டைப்பெட்டியில் அடுக்குகிற வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்றபடிதான். உட்கார்ந்தால் தூக்கம் வரும், உற்பத்தி குறையும் என்பது கம்பெனியின் நெடுநாள் நம்பிக்கை. யாராவது பெட்டி மேல் லேசாகச் சாய்ந்தாலே சூப்பர்வைசர் அம்புரோஸ் சார் தொண்டையைக் கனைப்பார்.

ஒருநாள் அக்கா கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு நேராக என்னிடம் வந்தார். புடவையைக் கணுக்காலுக்கு மேல் சற்றே தூக்கிக் காட்டினார். நரம்பெல்லாம் நீலமாகச் சுருண்டு புடைத்திருந்தது. அந்த வீட்டில் சம்பாதிக்கிற ஆள் அவர் ஒருவர்தான்.

"நின்னு செய்யற வேலைய வுட்டுடுன்றாரு டாக்டரு. நின்னாதான் வேலைன்றாரு சூப்பர்வைசரு. நீ செயலாளராச்சே தம்பி, நான் யார் பேச்சக் கேக்கட்டும்?"

கை தூக்குகிறவர்கள்

பேக்கிங் பிரிவுக்கு உட்கார ஸ்டூல் கேட்பதென்று பொதுக்குழுவைக் கூட்டினேன். உட்காருவதெல்லாம் ஒரு கோரிக்கையா என்று மெஷின் பிரிவு ஆண்கள் முணுமுணுத்தார்கள். மெஷின் பக்கத்தில் அவர்களுக்கு பெஞ்சு உண்டு. நானும் அந்த பெஞ்சுக்காரன்தான்.

பேக்கிங் பெண்கள் வந்தார்கள். முன்னால் நாற்காலிகள் காலியாகக் கிடக்க, பின்சுவர் ஓரமாக வரிசை கட்டி நின்றுவிட்டார்கள். "உட்காருங்கக்கா" என்று மைக்கிலேயே கெஞ்சினேன். ஒருவரும் அசையவில்லை. ஆண்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அதோடு முணுமுணுப்பு அடங்கியது. கலைச்செல்வி அக்காதான் எல்லோருக்குமாகப் பதில் சொன்னார்.

"பழகிப்போச்சு தம்பி. நீ பேசு, நாங்க நின்னுகிட்டே கை தூக்கறோம்."

பேரம்

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒன்று வேண்டுமென்றால் நாலு கேட்போம். மூன்றைப் பெரிய மனது பண்ணி விட்டுக்கொடுத்து, வேண்டியதை வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். மானேஜருக்கும், மூன்றை வெட்டிவிட்டேன் என்று மேலிடத்தில் சொல்லிக்கொள்ள வசதி. அதன்படி ஸ்டூலோடு மின்விசிறி, காலடிக்கு ரப்பர் விரிப்பு, இன்னொரு வேளை டீ என்று சேர்த்துக் கேட்டேன்.

மானேஜர் நல்ல மனுஷர். எங்களை மெத்தை நாற்காலியில் உட்காரவைத்து, காபி கொடுத்து, நிதானமாகக் கேட்டார். மின்விசிறியா, சரி. விரிப்பா, சரி. டீயா, தாராளமாக. ஸ்டூல் மட்டும் முடியாது. உற்பத்தி குறைந்தால் மேலிடத்தில் பதில் சொல்ல வேண்டியவர் அவர். நாலில் மூன்று வாங்கியவன் எந்த முகத்தோடு சண்டை போடுவது? கைகுலுக்கிவிட்டு அசடு வழிய வெளியே வந்தேன்.

பேக்கிங் பிரிவில் புது மின்விசிறி சுற்றத் தொடங்கியது. அதன் கீழே கால் மாற்றி மாற்றி நின்றபடி அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"காத்து ஜிலுஜிலுன்னு வருது தம்பி. நிக்கறதுக்கு நல்லாத்தான் இருக்கு."

காலிப் பெட்டிகள்

பிறகு அவர்கள் என்னை நம்பிக்கொண்டிருக்கவில்லை. ஒரு காலை, மணி அடித்ததும் கலைச்செல்வி அக்கா ஒரு காலி பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். போனால் வேலை போகட்டும் என்று துணிந்துவிட்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். இது வேலைநிறுத்தமில்லை, பாட்டில்கள் பாட்டுக்குப் பெட்டிக்குள் போய்க்கொண்டிருந்தன. அம்புரோஸ் சார் கனைத்துப் பார்த்தார். யாரும் எழவில்லை.

மத்தியானம் மானேஜர் வந்தார். எவ்வளவு குறைந்தது என்று அம்புரோஸ் சாரைக் கேட்டார். அவர் ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் போதும், அக்காவுக்கு அன்றோடு சரி. அம்புரோஸ் சார் அடுக்கிய பெட்டிகளை ஒருமுறை பார்த்தார், உட்கார்ந்திருந்தவர்களை ஒருமுறை பார்த்தார். "கொறையல சார். கொஞ்சம் கூடத்தான் ஆயிருக்கு" என்றார். அந்த மனிதரை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. மானேஜர் நிஜமாகவே புரியாமல் தலையைச் சொறிந்தார்.

"அப்பறம் எதுக்குய்யா இத்தினி நாளா நிக்க வெச்சோம்?"

விட்டுப்போனவர்

ஸ்டூல்கள் வந்து இறங்கின. அக்கா தன்னுடையதை முந்தானையால் துடைத்து, உட்கார்ந்து, பாதங்களை முன்னால் நீட்டிக்கொண்டார். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. அவரோ வரிசையின் கடைசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே அம்புரோஸ் சார் ஒரு கையால் முட்டியைத் தேய்த்தபடி நின்றிருந்தார்.

"அவருக்கு எங்க?" என்றார் அக்கா. சூப்பர்வைசர்கள் நம் சங்கத்தில் சேர முடியாது, அவர்களுக்காக நாம் கேட்பதும் வழக்கமில்லை என்று விவரமாக எடுத்துச் சொன்னேன். கடைசி வரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"சங்கத்துல சேர முடியாதுன்னா, முட்டி வலிக்காதா தம்பி?"

ஆக, எங்கள் சங்கத்தின் அடுத்த கோரிக்கை, சங்கத்தில் இல்லாத ஒருவருக்கு ஒரு ஸ்டூல். இந்த முறை கூடவே மின்விசிறி கேட்பதாக இல்லை.