நாலாம் எண் படிக்கட்டு

எங்கள் அலுவலகத்தில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. பாட்டில்காரர்தான். நகரச் சுற்றுச்சூழல் துறையில் இருபத்தாறு வருஷமாக அவருக்கு ஒரே வேலை. செவ்வாய்க்கிழமைதோறும் கால்வாயில் ஆறு இடங்களில் தண்ணீர் பிடித்து, பாட்டிலில் அந்தந்த இடத்தின் எண்ணை ஒட்டி, ஐஸ் பெட்டியில் வைத்து, மதியத்துக்குள் என் மேசைக்குக் கொண்டுவருவார். பரிசோதித்துக் கையெழுத்துப் போடுவது நான்.

அவரைப்போல் பயந்த ஆளை நான் பார்த்ததில்லை. லிஃப்டில் ஏற மாட்டார். விடுப்புக் கடிதத்துக்கு மூன்று நகல் எடுப்பார், ஒன்று அலுவலகத்துக்கு, ஒன்று வீட்டுக்கு, இன்னொன்று எதற்கென்று அவருக்கே தெரியாது. மேலதிகாரியின் செருப்புச் சத்தம் வராந்தாவில் கேட்டாலே எழுந்து நின்றுவிடுவார். "அண்ணே, அவர் பாத்ரூம் போறாரு, உட்காருங்க" என்று நாங்கள் கேலி செய்வோம். சிரித்துக்கொண்டே நிற்பார்.

இந்த வருஷம் நகர மன்றம் புதிய திட்டம் ஒன்று கொண்டுவந்தது. கால்வாயில் எந்தப் பகுதித் தண்ணீர் தொடர்ந்து ஐந்து வருஷம் சுத்தமாக இருக்கிறதோ, அதை மக்களுக்குத் திறந்துவிடுவது என்று. நல்ல திட்டம், குறை சொல்ல முடியாது. முதலில் தேர்வானது நாலாம் எண் பகுதி. தோல் பதனிடும் ஆலையின் குழாய் வந்து சேருகிற இடம் அது. ஆலை ஒழுங்காகச் சுத்திகரித்துத்தான் விடுகிறது என்பதற்கு எங்கள் அறிக்கைகளே ஆதாரம். அங்கே குழந்தைகள் இறங்கி நீந்த ஒரு நீச்சல் துறை கட்டினார்கள். பக்கத்துப் பள்ளியில் நாற்பது பிள்ளைகள் பெயர் கொடுத்தார்கள். திறப்பு விழாவுக்கு மூன்று வாரம் இருந்தது.

ஒரு வியாழக்கிழமை பாட்டில்காரர் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். கையில் ஒரே ஒரு பாட்டில். அதில் எண் ஒட்டவில்லை.

"இதைக் கொஞ்சம் பாரும்மா. பதிவுல ஏத்தாதே."

தண்ணீர் லேசாகப் பச்சை தட்டியிருந்தது. தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் என்ற நஞ்சு, அனுமதித்த அளவைப்போல் முப்பது மடங்கு இருந்தது. கருவி கெட்டுவிட்டதோ என்று கழுவி மறுபடியும் ஓட்டினேன். அதே முப்பது.

"எங்கே எடுத்தது?"

"நாலாம் எண்." நாற்காலி விளிம்பில் உட்கார்ந்தார். முட்டியைத் தடவிக்கொண்டே இருந்தார். "அங்கே பதினோரு படி இருக்கு. கைப்பிடி கிடையாது. ஆறு வருஷம் முன்னாடி மழைல வழுக்கி விழுந்தேனே, ஞாபகம் இருக்கா? அப்புறம் இறங்கவே பயமா இருந்துச்சு. மூணாம் எண் பாலத்துலயே ரெண்டு பாட்டில் புடிச்சு, ஒண்ணுல நாலுன்னு ஒட்டிட்டேன். முட்டி சரியாகிற வரைக்கும்னுதான் நெனச்சேன். பிள்ளைங்க இறங்கப்போற இடமாச்சேன்னு இன்னிக்குத்தான் மறுபடி இறங்கினேன்."

முட்டி இரண்டு மாதத்தில் சரியாகிவிட்டது. பயம் சரியாகவில்லை. தண்ணீர் ஓடும் வழியில் பாலம் ஆலைக் குழாய்க்கு முன்னாலேயே வந்துவிடும், அங்கே கழிவு கலந்திருக்காது. ஐந்தாம் எண்ணுக்கு முன்னாலேயே ஏரித் தண்ணீர் வந்து கலந்துவிடுவதால் அங்கேயும் ஒன்றும் தெரியாது. முழுப் பூசணிக்காய் ஆறு வருஷம் சோற்றுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

"நீ கவனிக்கலையாம்மா?" என்று கேட்டார்.

"இல்லண்ணே" என்றேன்.

பொய். இரண்டாவது வருஷமே கவனித்துவிட்டேன். மூன்றும் நாலும் ஒட்டிப் பிறந்த இரட்டைப் பிள்ளைகள் மாதிரி புள்ளி பிசகாமல் வந்துகொண்டிருந்தன. இரண்டு இடத்துத் தண்ணீர் அப்படி வரவே வராது. கேட்டால் அவர் வேலை போகும், இத்தனை நாள் ஏன் கேட்கவில்லை என்று என் வேலையும் போகும். அதனால் ஒவ்வொரு வாரமும் கையெழுத்துப் போட்டேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நான் சொன்னது பொய் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"சரி, விடு" என்றார்.

அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. பழைய அறிக்கைகளைக் கொளுத்திவிடலாமா என்றுகூட யோசித்தேன். இவருக்கு ஓய்வு பெற எட்டு மாதம்தான், வாயைத் திறக்க மாட்டார் என்று என்னையே தேற்றிக்கொண்டேன். அப்படி அவர் திறக்காவிட்டால் அந்த நாற்பது பிள்ளைகளும் இறங்கப்போவது எந்தத் தண்ணீரில் என்ற நினைப்பு உடனே வரும். அதை நினைத்தாலும் பயம், இதை நினைத்தாலும் பயம்.

திறப்பு விழாவுக்கு முந்தைய வாரம் நகர மன்றத்தில் இறுதிக் கூட்டம். எங்களையும் அழைத்திருந்தார்கள், பாராட்டுவதற்காக. ஆணையர் எங்கள் அறிக்கைக் கட்டைத் தூக்கிக் காட்டி, "ஆறு வருஷ ஆதாரம் நம்ம கையில இருக்கு" என்றார். கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

பாட்டில்காரர் எழுந்தார். என் நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, நாலாம் எண் தண்ணி நாலாம் எண் இடத்துல எடுத்ததில்லைங்க" என்றார். படிகளைச் சொன்னார், பாலத்தைச் சொன்னார், பச்சைத் தண்ணீரைச் சொன்னார். எதையும் விடாமல் சொன்னார்.

ஆணையர் அறிக்கைக் கட்டை மேசையில் வைத்தார். பிறகு கேட்டார்: "பரிசோதனைக் கூடத்துல இருக்கிறவங்களுக்குமா இது தெரியல?"

எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. எழுந்திரு என்று மனசு சொன்னது. நான் எழவில்லை.

"தெரியாதுங்க ஐயா" என்றார் அவர். "நான் ஒட்டின எண்ணைத்தானே அவங்க நம்பணும்."

நீச்சல் துறையைப் பூட்டிவிட்டார்கள். ஆலைக் குழாயை அன்று மாலையே அடைத்தார்கள். பாட்டில்காரரைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள், விசாரணை நடக்கிறது. நாற்பது பிள்ளைகளும் நன்றாக இருக்கிறார்கள். அறிக்கை எழுதும் பொறுப்பு முழுவதும் இப்போது என்னிடம்தான்.

போன வாரம் அவர் மனைவி கூப்பிட்டார். விசாரணைக்கு என்னென்ன காகிதம் வேண்டும் என்று கேட்கத்தான். பேசி முடிக்கும்போது சொன்னார்: "அவர் உன்னைப் பத்தித்தாம்மா கவலைப்பட்டுட்டே இருந்தாரு. பாவம், அந்தப் பொண்ணுக்கு ஒண்ணுமே தெரியாது, அது தப்பிச்சதே போதும்னு சொன்னாரு."

"சரி அண்ணி" என்றேன்.